ரொம்ப வருஷம் கழித்துப் பாவசங்கீர்த்தனம்: எங்கிருந்து தொடங்குவது?

பாம்பன்_கரை:
விசைப்படகில் வேலை. ஒவ்வொரு தவக்காலமும் சுத்தமாக இருக்க முடிவெடுப்பேன், பாஸ்கா (உயிர்ப்புத் திருநாள்) தாண்டுவதற்குள் பழையபடி ஆகிவிடும். குடி, கெட்ட வார்த்தை, ராத்திரியில் போன். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, என்ன வரிசையில் சொல்லணும்? சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலைப் பூசை தப்புது. ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு) பிடிக்கலாமா, ஓரியூர்க் கோவிலுக்கு நடக்கலாமா?

ஞானோபதேசம்:
தம்பி, ஓரியூர் நடை நல்லதுதான். 1693 பிப்ரவரி 4-ல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த மண். ஆனால் நடை பாவசங்கீர்த்தனத்துக்கு ஈடு ஆகாது. முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் நட.

முந்தின நாள் பத்துக் கற்பனைகளை (கடவுளின் பத்துக் கட்டளைகளை) ஒவ்வொன்றாக எடுத்து யோசி. சாவான பாவம், அதாவது ஆன்மாவைக் கொல்லும் பெரிய பாவம் என்றால் மூன்றும் சேரணும்: காரியம் பெரிசு, தெரிந்தே செய்தது, முழு மனசோடு செய்தது. கெட்ட நினைப்பு வந்து போவது பாவமில்லை, அதைப் பிடித்து வைத்து ரசிப்பதுதான் பாவம். இதில் குழம்பித்தான் பாதிப்பேர் கோவில் பக்கமே வருவதில்லை.

சாமியாரிடம், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் ஆச்சு என்று சொல். பிறகு சாவான பாவங்களை வகையும் தடவையும் சேர்த்துச் சொல். எண்ணிக்கை தெரியாவிட்டால் "வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை" என்றால் போதும். கதை வேண்டாம், கூட இருந்தவன் பேரும் வேண்டாம். நிஜமாகவே மறந்துபோன பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, நினைவு வந்தால் அடுத்த முறை சொல். வெட்கப்பட்டு வேண்டுமென்றே ஒளித்தால் மொத்தமும் செல்லாது. திருவிழா அன்று வரிசையில் நின்று அவசரமாகச் செய்யாதே, சாதாரண வாரநாளில் சாமியாரைக் கேட்டுக்கொண்டு போ.

பூசைக்கு ஞாயிறு சாயங்காலம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலப் பூசையும் ஞாயிறு பூசைக் கடனுக்குச் சேரும். நன்மை (நற்கருணை) வாங்க ஒரு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை நிறுத்து. தண்ணீரும் மருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

மூக்கையூர்க்காரன்:
ஒருசந்தி பற்றி: கட்டாய நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான், 18 முடிந்ததிலிருந்து 59 முடியும்வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் கொஞ்சம். வலை இழுக்கிற நாளில் பட்டினி கிடந்து மயங்கி விழுவது தவம் இல்லை, சாமியிடம் கேட்டால் வேறு தவமுயற்சி தருவார். சுத்தபோசன நாளில் இறைச்சிதான் கூடாது, மீன் சாப்பிடலாம். நம்ம கரையில் இறைச்சிக்குப் பதில் வாவலும் சீலாவும் பொரித்துத் தின்றால் அதில் என்ன ஒறுத்தல்? அன்றைக்குக் குடியை விடு, அந்தக் காசை இல்லாதவன் வீட்டுக்குக் கொடு.

திரும்பத் திரும்ப விழுவது பெரும்பாலும் ஒரே இடம், ஒரே நேரம். மீன் விற்ற காசில் பங்கு பிரித்த கையோடுதான் சாராயக் கடைக்குக் கால் போகும். காசைக் கையில் வாங்காமல் வீட்டில் கொடுக்கச் சொல்லிவிடு. போன் அடுப்படியில் சார்ஜ் ஆகட்டும், படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும்போதுதான் சும்மா இருந்தே கெட்டுப்போகிறோம். அந்த நாட்களுக்குக் காலைப் பூசையை இப்போதே குறித்து வை. படகில் அணியத்தில் (முன்பக்கத்தில்) உட்கார்ந்து ஜெபமாலை ஐந்து பத்து சொல்ல இருபது நிமிஷம்கூட ஆகாது.

பாம்பன்_கரை:
ஓனருக்குத் தெரியாமல் படகில் பிடித்த கணவாய் மீனைத் தனியா வித்த காசு இருக்கு. சாமியிடம் சொன்னால் போதாதா?

ஞானோபதேசம்:
போதாது. மன்னிப்பு கிடைக்கும், கடன் நிற்கும். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடு. நேரில் சொன்னால் வேலை போகுமென்று பயந்தால், பேர் சொல்லாமல் சாமி மூலமாகவே ஓனர் கையில் சேர்க்கலாம். ஓனர் கரையிலேயே இருக்கும்போது அந்தக் காசைக் கோவில் உண்டியலில் போட்டுவிட்டுக் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதே.