டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் 1,400 பார்வைகள், ஒரு விற்பனைகூட இல்லை: எங்கே தவறுகிறேன்?

தறிவீட்டுப் பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிறிய இணையதளம் நடத்துவோருக்காக மூன்று வேர்ட்பிரஸ் தீம்களை (வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளத்துக்குத் தோற்றம் தரும் வடிவமைப்புகளை) உருவாக்கி, ஒவ்வொன்றையும் 9 டாலருக்கு விற்கும் ஆங்கிலத் தளம் ஒன்றைத் தை மாதம் தொடங்கினேன். விளம்பரத்துக்கு ஒதுக்கப் பணம் இல்லாததால், நண்பர் ஒருவர் சொன்னபடி டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் சேர்ந்து, பிறருடைய பக்கங்களைப் பார்த்துக் கிரெடிட் சேர்த்து, அதைச் செலவிட்டு என் முகப்புப் பக்கத்தைப் பிறருக்குக் காட்டி வருகிறேன். அங்கே ஒரு பக்கத்தை 15 விநாடி பார்க்க வேண்டும். இரண்டு பக்கங்களுக்கு ஒரு கிரெடிட். தறிச் சத்தம் அடங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் என்று 16 நாள்கள் உட்கார்ந்ததில் ஏறத்தாழ 1,400 பார்வைகள் கிடைத்தன. ஆனால் எவரும் வாங்கவில்லை; இரண்டாவது பக்கத்துக்குக்கூட எவரும் போகவில்லை. வியப்பு என்னவென்றால், தளத்துக்கு வருவோரைக் கணக்கிட்டுக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் அந்த வருகைகளில் பெரும்பாலானவற்றை ஈடுபாடு உள்ளவை என்றே காட்டுகிறது.

குறை தீம்களில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, அல்லது இந்த வழியே பயனற்றதா? பணம் கொடுத்து 10,000 கிரெடிட் வாங்கிப் பார்க்கலாமா என்றும் எண்ணுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அகல்விளக்கு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். கிரெடிட் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இப்போதைய பக்கத்துக்கு 10,000 பார்வைகள் வந்தாலும் இதே விளைவுதான் இருக்கும்.

உங்கள் பக்கத்தைப் பார்ப்பவர் பொருள் வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர் அல்லர். உங்களைப் போலவே தம் கடையை விரித்துவிட்டு, வாடிக்கையாளரைத் தேடிப் பக்கத்துக் கடை வாசலில் வந்து நிற்கும் இன்னொரு கடைக்காரர் அவர். அவருக்கு வேண்டியது அந்தக் கிரெடிட் மட்டுமே. நீங்களே 16 இரவுகளில் மூவாயிரத்துக்கு நெருக்கமான பக்கங்களைப் பார்த்திருக்கிறீர்கள். அவற்றுள் எத்தனை நினைவில் நிற்கின்றன, எதையாவது வாங்கினீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்றிரவு சர்ஃப் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரையின் மேற்பட்டையில் விநாடிகள் இறங்கிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் ஒரே மாதிரியான இரண்டு படங்களில் ஒன்றைத் தொட வேண்டும். எனவே கண் அந்தப் பட்டையை விட்டு அதிகம் கீழே இறங்குவதே இல்லை. போதாக்குறைக்கு, பழகியவர்கள் ஐந்தாறு எக்ஸ்சேஞ்சுகளை அடுத்தடுத்த டேப்களில் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றில் நேரம் ஓடும்போது மற்றொன்றில் கிளிக் செய்துகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு உங்கள் பக்கத்தின் முதல் பத்து விநாடிகள் கண்ணில் படுவதே இல்லை. திரும்பி வந்து படத்தைத் தொடும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் திரையில் என்ன நிற்கிறதோ அதுதான் உங்கள் விளம்பரம். பக்கம் திறந்தவுடன் ஓடி முடியும் அனிமேஷன், வரிசையாக மாறும் ஸ்லைடர், தானாகத் தொடங்கும் வீடியோ ஆகியவை எல்லாம் ஆளில்லாத கொட்டகையில் ஓடும் காட்சிகள்.

எனவே முகப்புப் பக்கத்தை அங்கே காட்டாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கென்றே தனியாக ஒரு ஸ்பிளாஷ் பக்கம் செய்யுங்கள். விநாடி ஓடும் பட்டைக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில், எட்டு அல்லது பத்துச் சொற்களில் ஒரே ஒரு தலைப்பு இருக்கட்டும். அதன் கீழே ஒரு படமும் ஒரு பொத்தானும் போதும். ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் எதுவும் அங்கே இல்லாததற்குச் சமம். கனமான படங்களைத் தவிருங்கள், ஏனெனில் பல எக்ஸ்சேஞ்சுகளில் உங்கள் பக்கம் முழுமையாகத் திறக்கும்வரை காத்திராமல் நேரம் ஓடத் தொடங்கிவிடும். பொத்தானைத் தொட்டால் புதிய டேப் திறக்கும்படி அமையுங்கள். எக்ஸ்சேஞ்ச் உங்கள் பக்கத்தை ஒரு சட்டகத்துக்குள் வைத்துத்தான் காட்டுகிறது. பணம் செலுத்தும் பக்கங்களும் லாகின் பக்கங்களும் பாதுகாப்பு கருதிச் சட்டகத்துக்குள் திறக்க மறுப்பது வழக்கம் என்பதால், அதே டேப்பில் திறந்தால் வந்தவர் வெற்றுத் திரையைத்தான் பார்ப்பார். சட்டகத்தை உடைத்து வெளியேறும் நிரலை மட்டும் மறந்தும் சேர்த்துவிடாதீர்கள். அதற்கு எந்த எக்ஸ்சேஞ்சிலும் இடமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அங்கே எதையும் விற்க முயலாதீர்கள். அவசரத்தில் இருப்பவர் 9 டாலரை எடுத்து வைக்க மாட்டார். ஆனால் தமக்குப் பயன்படும் ஒன்று இலவசமாகக் கிடைக்குமென்றால் மின்னஞ்சல் முகவரி தருவார். மூன்று தீம்களில் எளிமையான ஒன்றை இலவசமாக்கி, முகவரி பெற்றுக்கொண்டு அனுப்புங்கள். உங்கள் பொருள் இந்த இடத்துக்குப் பொருந்துவது என்பதையும் சொல்ல வேண்டும்: அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இணையப் பக்கம் இருக்கிறது, தீம் தேவைப்படாதவர் குறைவு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அகல்விளக்கு ஐயா சொன்னதோடு இரண்டு கணக்குகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

அனலிட்டிக்ஸ் காட்டும் ஈடுபாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள கூகுள் அனலிட்டிக்ஸ் 4, பத்து விநாடிக்கு மேல் நீடித்த வருகையை ஈடுபாடு உள்ளதாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் எக்ஸ்சேஞ்சோ பார்ப்பவரை 15 விநாடி கட்டாயமாக உட்கார வைக்கிறது. ஆகவே அந்த எண் உங்கள் பக்கத்தின் தரத்தைக் காட்டவில்லை. எக்ஸ்சேஞ்சின் கடிகாரத்தைத்தான் காட்டுகிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை, பொத்தானைத் தொட்டவர் எத்தனை பேர், முகவரி தந்தவர் எத்தனை பேர், அதை உறுதி செய்தவர் எத்தனை பேர் என்பவை மட்டுமே. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் இணைய முகவரியின் இறுதியில், வருகை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யூடிஎம் குறிகளைச் சேர்த்துவிட்டால், அங்கிருந்து வந்தவர்களைப் பிற வருகைகளிலிருந்து பிரித்துப் பார்க்கலாம்.

அடுத்தது உங்கள் உழைப்பு. 15 விநாடியோடு திறக்கும் நேரத்தையும் கிளிக் செய்யும் நேரத்தையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 20 விநாடி என்று வைத்தால், மணிக்கு 180 பக்கங்கள், அதாவது 90 கிரெடிட், உங்களுக்கு 90 பார்வைகள். உங்கள் ஒரு மணி நேரத்தை வெறும் 90 ரூபாய்க்கு மதித்தாலும் ஒரு பார்வைக்கு ஒரு ரூபாய் ஆகிறது. இதுவரை 1,400 ரூபாய்க்கு மேல் செலவழித்திருக்கிறீர்கள். இதை இலவச விளம்பரம் என்று சொல்வது, சொந்தத் தறியில் நெய்த துணிக்குக் கூலி இல்லை என்று சொல்வதைப் போன்றது. அந்த எக்ஸ்சேஞ்ச் கிரெடிட்டுக்கு என்ன விலை கேட்கிறது என்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பக்கத்தைத் திருத்திச் சோதித்த பிறகே வாங்குங்கள்.

இரண்டு பார்த்தால் ஒன்று என்ற கணக்கு புதியதும் அன்று. 1996-இல் தொடங்கிய லிங்க்எக்ஸ்சேஞ்ச் என்ற விளம்பரப் பரிமாற்றச் சேவை, பிறருடைய பேனர் விளம்பரங்களை உங்கள் தளத்தில் இரண்டு முறை காட்டினால் உங்கள் பேனரை ஒரு முறை வேறிடத்தில் காட்டியது. மிஞ்சிய பாதியை விளம்பரதாரர்களுக்கு விற்றது. 1998-இல் மைக்ரோசாஃப்ட் அதை 265 மில்லியன் டாலர் மதிப்பில் வாங்கியது. அந்த மிச்சப் பாதியில்தான் நடத்துபவருடைய வருமானம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த விகிதம் நமக்குக் கட்டுப்படியாகும் என்று தெரிந்துவிடும்.

நூலிழை எழுதியது:

தம்பி, தளத்தில் விளம்பரம் இட்டு வருமானம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் எதையும் உங்கள் தளத்தில் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால், அந்த விளம்பரம் உள்ள பக்கத்தை எக்ஸ்சேஞ்சில் ஒருநாளும் காட்டாதீர்கள். ஆட்டோசர்ஃப் (பக்கங்கள் தாமாகவே மாறும் முறை), பணம் தந்து பார்க்க வைக்கும் திட்டங்கள், கிளிக் பரிமாற்றங்கள் போன்றவற்றின் மூலம் வரும் பார்வைகளை அந்நிறுவனத்தின் விதிகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன. கணக்கு போய்விட்டால் திரும்பப் பெறுவது எளிதன்று. 2018-இல் தமிழுக்கு ஆட்சென்ஸ் வந்தபோது, பார்வைகளைப் பெருக்கிவிடலாம் என்று நம்பிப் பலரும் இந்த எக்ஸ்சேஞ்சுகளை எட்டிப் பார்த்தார்கள். என் சமையல் வலைப்பூவை நானும் ஒரு மாதம் காட்டினேன், நல்ல வேளையாக அதில் விளம்பரம் இல்லை. தமிழ் எழுத்தே தெரியாத பல நாட்டவர் முன்னால் என் வத்தக்குழம்பு 15 விநாடி நின்றுவிட்டுப் போனதுதான் மிச்சம்.

உலாவியைத் திறந்து வைத்துவிட்டால் பக்கங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும் ஆட்டோசர்ஃப் பக்கம் போகவே வேண்டாம், ஏனெனில் திரைக்கு முன்னால் ஆளே இருப்பதில்லை. ஒரு காலத்தில், தளங்களை வருகையை வைத்து வரிசைப்படுத்திய அலெக்ஸா தரவரிசையில் மேலே ஏறுவதற்காவது அதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தரவரிசையும் 2022 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

பணம் கட்டிவிட்டுப் பக்கம் பார்த்தால் லாபம் தருவதாகச் சொல்லும் இடங்களும் உண்டு. 12டெய்லிப்ரோ என்ற தளம் ஆறு டாலருக்கு ஒரு யூனிட் வாங்கச் சொல்லி, நாளைக்குப் பன்னிரண்டு பக்கங்கள் பார்த்தால் பன்னிரண்டே நாளில் 44 சதவீத லாபம் என்றது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 50 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டிய அந்தத் திட்டத்தின் மீது, புதியவர் கட்டிய பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் மோசடி என்று 2006 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் வழக்குத் தொடுத்தது. உங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வராமல் இருக்காது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தறிவீட்டுப் பிள்ளை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நூலிழை அக்கா, என் தளத்தில் விளம்பரம் எதுவும் இல்லை. கிரெடிட் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு ஸ்பிளாஷ் பக்கம் செய்ய உட்கார்ந்திருக்கிறேன். என் பழைய பக்கத்தை எக்ஸ்சேஞ்ச் சட்டகத்துக்குள் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: திரையில் என் லோகோவும், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு மடிக்கணினிப் படமும் மட்டுமே தெரிகின்றன. விற்பது தீம் என்ற செய்தியே ஸ்க்ரோல் செய்த பிறகுதான் வருகிறது. 1,400 பேருக்கு நான் காட்டியது அந்தப் பாதி மடிக்கணினியைத்தான்.

தறிவீட்டுப் பிள்ளை எழுதியது (மூன்று வாரத்துக்குப் பிறகு):

செய்து பார்த்ததன் விளைவைப் பதிகிறேன். இரண்டு தலைப்புகளை ஒவ்வொன்றுக்கும் 300 பார்வைகள் வீதம் காட்டினேன். இலவச வேர்ட்பிரஸ் தீம் என்று மட்டும் சொன்ன தலைப்புக்கு 4 பேர் முகவரி தந்தார்கள்; உங்கள் தளம் திறக்கத் தாமதமாகிறதா என்று கேட்டு, எடை குறைந்த தீமைத் தருவதாகச் சொன்ன தலைப்புக்கு 11 பேர் தந்தார்கள். பதினைந்து பேரில் மின்னஞ்சலைத் திறந்து உறுதி செய்தவர்கள் 9 பேர். விற்பனை இன்னும் இல்லை. ஆனால் ஒருவர் பதில் எழுதி, கைப்பேசியில் தீமின் மெனு திறக்கவில்லை என்று படம் எடுத்து அனுப்பியிருந்தார், சோதித்தேன், உண்மைதான். பணம் கொடுத்து வாங்கியவர் கண்ணில் அது பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

அகல்விளக்கு எழுதியது:

நல்ல தொடக்கம். 300 பார்வைகளில் வந்த 4-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாட்டை இப்போதே முழுவதும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் ஆயிரம் பார்வைகள்வரை ஓட்டிப் பாருங்கள். உறுதி செய்யாத ஆறு முகவரிகளுக்கு மேலும் மேலும் எழுதாதீர்கள், ஏனெனில் எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் இதற்கென்றே திறக்காத அஞ்சல்பெட்டி ஒன்றை வைத்திருப்பார்கள். அங்கே போய்க் குவியும் கடிதங்கள் உங்கள் மற்றக் கடிதங்களையும் ஸ்பாம் பெட்டிக்கு இழுத்துப் போய்விடும். மெனுவைப் பற்றி எழுதிய அந்த மனிதருக்கு, சரிசெய்த தீமோடு மற்ற இரண்டையும் இலவசமாக அனுப்பி, அவருடைய தளத்தில் அது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அந்தத் தளத்தின் படத்தையே உங்கள் அடுத்த ஸ்பிளாஷ் பக்கத்தில் வையுங்கள். அவர் தினமும் அதே எக்ஸ்சேஞ்சில் சர்ஃப் செய்பவர் என்பதால், பார்ப்பவர்களில் சிலருக்காவது அது தெரிந்த தளமாக இருக்கும்.