குப்பியில் ஒரு வாசனை, சோப்பில் வேறு வாசனை: கைவேலையில் வாசனை எண்ணெய் பட்ட பாடு

கோவையிலிருந்து

போன நவராத்திரிக்குத் தாம்பூலப் பையில் மஞ்சள் குங்குமத்தோடு ஒரு சின்ன வாசனை மெழுகுவர்த்தியும் வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். இரண்டு கிலோ சோயா மெழுகு, பருத்தித் திரி, சந்தன வாசனை எண்ணெய் எல்லாம் வாங்கி வந்து ஒரே நாளில் 24 கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினேன். எண்ணெயை அளக்கவில்லை. கொடுக்கிற பொருள் நன்றாக மணக்கட்டும் என்று தாராளமாகவே விட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் எண்ணெய் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஒன்றை ஏற்றினேன். திரி புகைந்தது, கிண்ணத்தின் விளிம்பு கறுத்தது, சந்தனம் மட்டும் வரவே இல்லை. எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டுக் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தேன்.

மனசு கேட்கவில்லை. பண்டிகை முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு கிலோ மெழுகுக்கு 100 மில்லி குப்பி மூன்று காலி. கிட்டத்தட்ட 15 சதவீதம்! மெழுகு ஓர் அளவுக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளிய எண்ணெய்தான் மேலே வேர்த்தது. திரியைத் திணறடித்ததும் கூடுதலாக விட்ட அந்த எண்ணெய்தான். இப்போது 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 8 கிராம் எண்ணெய்தான் விடுகிறேன். 10 கிராமைத் தாண்டுவதே இல்லை. மூடிக் கணக்கு, சொட்டுக் கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஓர் எண்ணெய் போல இன்னொன்று கனம் இருக்காது, அதனால் தராசில் வைத்துத்தான் அளக்கிறேன்.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். சூட்டில் விட்டால் வாசனை பறந்துவிடும் என்று பயந்து, மெழுகு ஆறிப் பால் போல மங்கத் தொடங்கிய பிறகு விட்டேன். அந்தப் பதத்தில் எண்ணெய் கலக்கவே கலக்காது. இப்போது 80 முதல் 85 டிகிரிக்குள் இருக்கும்போது விட்டு, முழுசாக இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குகிறேன். 60 டிகிரிக்கு இறங்கியதும் கிண்ணத்தில் ஊற்றுகிறேன். குப்பியில் ஃபிளாஷ் பாயிண்ட் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் வாசனை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். எந்தச் சூட்டில் அந்த எண்ணெயின் ஆவி தீப்பிடிக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த குப்பியை வைக்காதீர்கள் என்பதற்கான எச்சரிக்கை அது.

ஊற்றிய மறுநாளே ஏற்றிப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். சோயா மெழுகுக்கு இரண்டு வாரம் பொறுமை வேண்டும். பரணில் வைத்ததை விட்டுப் புதிதாக ஊற்றியது பதினைந்தாம் நாள் மணந்தபோதுதான் எனக்குப் போன உயிர் வந்தது. உங்களுக்கு என்ன நடந்தது? சோப்பு, ஊதுபத்தி, வாசனைக் கல், எதுவானாலும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து

கோவை அக்கா, உங்கள் மெழுகாவது ஒரு ராத்திரி பொறுத்திருந்து காட்டிக்கொடுத்தது. என் சோப்பு பத்து விநாடி கூடப் பொறுக்கவில்லை.

நான் காஸ்டிக் சோடா போட்டு, அடுப்பில் காய்ச்சாமல் குளிர் முறையில் சோப்பு செய்கிறவள். தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் 400 கிராம் வீதம், விளக்கெண்ணெய் 50 கிராம். வாசனைக்கு 3 சதவீதக் கணக்கில் 25 கிராம். வெட்டிவேர், எலுமிச்சைப்புல், வேப்பிலை என்று ஒரு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சரி, மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை சோப்பு செய்யாமல் இருக்கலாமா என்று மல்லிகை வாசனை எண்ணெய் வாங்கினேன். கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்ததும் எண்ணெயை ஊற்றி, பிளெண்டரை ஒரு சுற்றுதான் ஓட்டினேன். கேசரி திரண்டு சட்டியை விட்டுப் பிரியுமே, அப்படி மொத்தமும் சுருண்டு பிளெண்டரோடு ஒட்டிக்கொண்டது. அச்சில் ஊற்ற வழியே இல்லை.

காஸ்டிக் சோடா இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது, கையுறையைக் கழற்றவும் முடியாது, பாத்திரத்தைக் கீழே கொட்டவும் முடியாது. அப்படியே கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி ஒரு மணி நேரம் சூடு காட்டினேன். களி போல இளகி வந்தது. கரண்டியால் அச்சில் அமுக்கி வைத்தேன். பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும் நல்ல சோப்பாகத்தான் ஆனது.

பூ வாசனைகளுக்கும் கிராம்பு, பட்டை மாதிரி மசாலா வாசனைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. கிராம்பில் இருக்கும் யூஜெனால் சோப்புக் கலவையை அவசரமாக இறுக்கிவிடும். மல்லிகை, சாமந்தி, ரோஜா என்று விற்கும் கலவைகளிலும் இப்படி அவசரப்படுத்தும் பொருள்கள் இருக்கலாம். இப்போது பூ வாசனை போடுகிற நாளில் காஸ்டிக் கரைசலையும் எண்ணெயையும் நன்றாக ஆறவிடுகிறேன். வாசனையைக் கடைசியில் ஊற்றாமல் முதலிலேயே எண்ணெயில் கலந்துவிடுகிறேன். பிளெண்டர் கிடையாது, கை மத்துதான். புதுக் குப்பி வாங்கினால் முதலில் 100 கிராமில் செய்து பார்க்காமல் பெரிய அச்சை எடுப்பதே இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் குப்பியில் "சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில்" என்று எழுதியிருந்தது. 10 மில்லி 150 ரூபாய். எங்கள் ஊர் மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூச்சந்தையில் முகூர்த்த நாளில் ஒரு கிலோ என்ன விலைக்குப் போகும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நீலகிரித் தைலத்தையும் எலுமிச்சைப்புல் எண்ணெயையும் போல மல்லிகையை ஆவியில் வடிக்க முடியாது. கரைப்பான் ஊற்றித்தான் சத்தை எடுக்கிறார்கள். ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். அது எப்படி 150 ரூபாய்க்கு வரும்? செயற்கை வாசனை எண்ணெயில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே வாங்குகிறேன். அதை அதன் பெயரைச் சொல்லி விற்கட்டும்.

ஈரோட்டிலிருந்து

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வெள்ளை வெளேரென்று வெனிலா சோப்பு 40 செய்து வைத்தேன். இரண்டே வாரத்தில் நாற்பதும் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டன. வெனிலா வாசனையில் இருக்கும் வெனிலின்தான் காரணம். அதற்குப் பழுப்பேறும் குணம் உண்டு, வெள்ளைச் சாயம் எவ்வளவு போட்டாலும் நிற்காது. சோப்பு கெடவில்லை, நிறம்தான் போனது. இப்போது வெனிலா போட்டால் வேண்டுமென்றே கீழ்ப்பாதியில் மட்டும் போடுகிறேன். மேலே வெள்ளை, கீழே பழுப்பு. கடலைமிட்டாய் மேல் பால்கோவா வைத்தது மாதிரி இருக்கிறது என்று பேத்தியின் அம்மா சொல்கிறாள்.

சேலத்திலிருந்து

கொலுவுக்குத் தெர்மாகோலில் மலை, குளம், கோயில் கோபுரம் எல்லாம் நான்தான் செய்வேன். ஒரு வருஷம் மலைக்கு வாசனையும் இருக்கட்டும் என்று ஆரஞ்சு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அதன் மேல் விட்டேன். கண்ணெதிரே குழி விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் தெர்மாகோல் சுருங்கி உள்ளே போய்விட்டது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்று பள்ளியில் வேதியியல் எடுக்கும் நண்பர் விளக்கினார். அன்றே துடைத்த துணியை மர ஷோகேஸ் மேல் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் வார்னிஷும் இளகி ஒட்டிக்கொண்டது.

அப்புறம் பிளாஸ்டிக் டம்ளரில் வாசனை எண்ணெய் அளப்பதை நிறுத்திவிட்டேன். கண்ணாடி, எவர்சில்வர், அவ்வளவுதான். கொலு மலைக்குப் பின்னால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த வாசனைக் கல் வைக்கிறேன். அதிலும் முதலில் அடி வாங்கினேன். மாவு கரைக்கும்போதே எண்ணெயைக் கலந்ததால் கல் சரியாக இறுகாமல் விரல் பட்டாலே உதிர்ந்தது. மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு மட்டும் கரைத்து ஊற்றி, மூன்று நாள் நிழலில் காயவிட்டு, அப்புறம் மேலே பத்துச் சொட்டு விட்டால் போதும். கல் தானே குடித்துக்கொள்ளும். மணம் குறைந்தால் மறுபடி விடலாம்.

திருச்சியிலிருந்து

எல்லோரும் பொருள் கெட்டதைச் சொல்கிறீர்கள். எனக்குக் கை கெட்டது.

ஜன்னல் ஓரத்தில் இரண்டு வருஷமாக இருந்த எலுமிச்சை எண்ணெய்க் குப்பியைப் பார்த்தேன். வீணாக்க வேண்டாமே என்று சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து உடம்பு தேய்க்கும் ஸ்க்ரப் செய்தேன். அளவும் கொஞ்சம் கூடுதல். இரண்டு முறை தேய்த்ததும் முழங்கை வரை தடித்துச் சிவந்து, ராத்திரி முழுக்க அரிப்பு. தோல் மருத்துவர் முதலில் கேட்டதே எண்ணெய் எவ்வளவு பழசு என்றுதான். லிமோனீன், லினலூல் போன்றவை காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் தோலுக்கு ஒவ்வாத பொருளாக மாறிவிடுமாம். லினலூல் லாவெண்டரிலும் நிறைய உண்டு. ஆகவே இயற்கை எண்ணெய்தானே என்று தைரியமாக இருக்க முடியாது. இப்போது என் குப்பிகள் எல்லாம் கறுப்புக் கண்ணாடியில், இறுக மூடி, இருட்டு அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் திறந்த தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மெழுகுவர்த்திக்கு வாங்கிய எண்ணெயைத் தோலில் படும் பொருளில் போடாதீர்கள். விற்பவரிடம் இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) சான்று கேளுங்கள். எந்த வகைப் பொருளில் எத்தனை சதவீதம் வரை போடலாம் என்று அதில் தனித்தனியாக இருக்கும். தேய்த்துக் கழுவிவிடும் சோப்பு 9-ஆம் வகை, மெழுகுவர்த்தி 12-ஆம் வகை. ஒரே எண்ணெய்க்கு இரண்டு வகையிலும் வேறு வேறு எண் இருப்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். சான்று இல்லை என்று சொல்பவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயைத் திறந்து வைக்கவே வேண்டாம். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அப்பாவுக்கு வீசிங் இருப்பதால் எங்கள் வீட்டுக் கூடத்தில் குச்சி டிஃப்யூசரையும் எடுத்துவிட்டேன். அவருக்கு மூச்சு முட்டும்போது எந்த வாசனையும் எனக்கு நல்ல வாசனையாகத் தெரியவில்லை.

கடலூரிலிருந்து

எங்கள் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் விளைகிறது. ஆச்சி வேரைக் கழுவி, நிழலில் காயவைத்து, பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவில் வைப்பார். கோடையில் மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி. அந்த வேரில் பொம்மை, விசிறி, மாலை, பிள்ளையார் எல்லாம் முடையத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நானும் மாலை கட்டுவேன்.

ஒரு முறை வெளியூர் கண்காட்சிக்கு 30 மாலை கேட்டார்கள். கடையில் வைத்தால் தூரத்திலிருந்தே மணக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, கட்டி முடித்த மாலைகளில் ரோஜா வாசனை எண்ணெயைத் தெளித்தேன். முதல் நாள் கமகமவென்று இருந்தது. நாலாம் நாள் ரோஜா போய்விட்டது. அதன் அடியில் தேடினால் வேரின் வாசனையும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, வேர் நிறம் மங்கிவிட்டது. தண்ணீர் தெளித்தால் வெட்டிவேர் உயிர் பெற்று மணக்கும். இந்த மாலைகளில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாலையை எடுத்து முகர்ந்துவிட்டுத் திருப்பி வைத்தார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது நான் கட்டும் மாலையில் எந்த எண்ணெயும் இல்லை. வாங்குபவரிடம், வாரம் ஒரு நாள் கையில் தண்ணீர் நனைத்து உதறிவிடுங்கள், போதும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். பீரோவுக்கான துணிப் பொட்டலத்தில் மட்டும் வாசனை கூடுதலாக வேண்டும் என்று கேட்டால், பஞ்சில் மூன்று சொட்டு வெட்டிவேர் எண்ணெய் விட்டு நடுவில் வைக்கிறேன். வேருக்கு வேரின் எண்ணெய்.

கோவையிலிருந்து மறுபடியும்

மதுரைத் தங்கை சொன்னது போலச் சின்ன அளவில் செய்து பார்த்தேன். ஒரே மெழுகு, ஒரே திரி, ஒரே சந்தன எண்ணெய். 100 கிராமுக்கு 6, 8, 10 கிராம் என்று மூன்று கிண்ணம். அடியில் அளவையும் தேதியையும் எழுதி ஒட்டி 14 நாள் வைத்திருந்தேன். நேற்று எந்தக் கிண்ணம் எது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக ஏற்றி, அத்தையைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். 8-க்கும் 10-க்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. 6 விட்டதைப் பூஜையறைக்கு எடுத்து வைத்துக்கொண்டார், அந்தச் சின்ன அறைக்கு அதுவே நிறைவாக இருக்கிறது என்று. 10 கிராம் விட்ட கிண்ணத்தில் விளிம்பு லேசாகக் கறுத்திருந்தது.

இந்த வருஷத் தாம்பூலத்துக்கு 6 கிராமில்தான் ஊற்றப்போகிறேன். சந்தனத்தோடு மரிக்கொழுந்து சேர்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. மெழுகில் மரிக்கொழுந்து போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எத்தனை பங்குக்கு எத்தனை என்று சொல்லுங்கள்.