கால் கிலோ பூசணிக்காய்

வெள்ளவத்தை ஓய்வூதியர்:

துணையை இழந்த கொழும்புக்காரர் நாங்கள் எழுதும் இந்தப் பக்கத்தில், எல்லோரும் இறந்துபோன துணை கனவில் வந்தது, காகமாக வந்தது என்று எழுதுகிறீர்கள். என் மனைவி சந்தையில் வந்தாள். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கதைக்க ஆள் இல்லாதவன் எழுதித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

1978 ஆவணியில் கல்யாணம். 2023 பங்குனியில் போய்விட்டாள். 45 வருடத்துக்கு ஐந்து மாதம் குறை. சலரோகம், பிறகு கிட்னி, கடைசி ஒன்றரை வருடம் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். அதைப்பற்றி விரித்து எழுத விருப்பமில்லை, கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்கிசையில் தகனம், முகத்துவாரத்தில் சாம்பல் கரைத்தது, 31ஆம் நாள் அந்தியேட்டி எல்லாம் மகனும் மகளும் வந்து நின்று குறையில்லாமல் செய்துவிட்டு, ஒருவர் டொரொன்டோவுக்கும் மற்றவர் லண்டனுக்கும் திரும்பிப் போனார்கள். கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கப் படம் தேடியபோது, அவள் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண வீடு, பேரன் பிறந்தநாள், யாருக்காவது பக்கத்தில் ஓரமாக நிற்பாள். மகன் ஒரு படத்தை வெட்டிப் பெருப்பித்தான். இப்போது மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தில் இடது மூலையில் கோடு போட்ட சேர்ட் ஒன்றின் தோள் தெரியும். அது நான்தான்.

சரி, சந்தைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மரக்கறி. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சிங்களப் பெண்ணிடம்தான் இருபது வருடமாக வாங்குகிறோம். வாங்குகிறோம் என்பது பொய், அவள் வாங்குவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு காலி வீதி பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வருத்தம் கூடிய பிறகு நாங்கள் சந்தைப் பக்கமே போகவில்லை. எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வாங்கி வைத்துவிட்டுப் போன சாமான் தீர்ந்து, தனியே போனேன். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நோனா கோ மஹத்தயா?" அம்மா எங்கே ஐயா என்று.

அதுவரைக்கும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. பேப்பர் அறிவித்தலில் இறைவனடி சேர்ந்தார் என்று போட்டது மகன். சொந்தக்காரர் போன் எடுத்தபோது, "அம்மா மோசம் போயிட்டா" என்று சொன்னது மகள். நான் தலையாட்டினேன், "ஓம்" என்றேன், அவ்வளவுதான். தமிழில் வாய் வரவில்லை. அங்கே, அந்தக் கீரைக்கட்டுகளுக்கு முன்னால், நாற்பது வருடம் கந்தோரில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்: "நோனா நெத்தி உணா." இறந்துபோனார் என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள், தொலைந்துபோயிற்று என்பதற்கும் அதே சொல்தான். குடை தொலைந்தாலும் நெத்தி உணா, மனைவி போனாலும் நெத்தி உணா. எனக்கு அது இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தாள். பிறகு வழக்கமாக நாங்கள் வாங்கும் அரைக்கிலோவுக்குப் பூசணிக்காயில் கத்தியை வைத்தாள். வெட்டவில்லை. கத்தியைத் தூக்கி இரண்டு விரல் உள்ளே நகர்த்தி வைத்து வெட்டினாள். கால் கிலோ. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வல்லாரையிலும் ஒரு கட்டைத் திரும்ப வைத்துவிட்டாள்.

மயானத்தில் வராத அழுகை ஓட்டோவுக்குள் வந்தது. ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு ரேடியோவைக் குறைத்தான். நல்ல பிள்ளை.

கொட்டாஞ்சேனை அன்ரி:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு கேத்தலை அடுப்பில் வைத்ததை மறந்துபோனேன்.

என் மனுசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். 38 வருடம் சேர்ந்து இருந்தோம். நல்லவர் என்று எழுத விருப்பம், ஆனால் குடிப்பார், கத்துவார், செவ்வாய்க்கிழமை மட்டும் குளித்து முழுகி கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தி அழுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை மனுசனைத்தான் நான் கட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய போன் இன்னும் லாச்சியில் (இழுப்பறையில்) இருக்கிறது. ரீலோட் போடாமல் விட்டால் நம்பரை வெட்டிவிடுவார்கள் என்று மருமகன் சொன்னான். அதனால் ஒவ்வொரு மாதமும் கடைக்குப் போய் அவர் நம்பருக்கு நூறு ரூபாய் போடுகிறேன். கடைப் பெடியனுக்குத் தெரியும், ஆனாலும், "அங்கிளுக்கா அன்ரி?" என்றுதான் கேட்பான். மாத முதலாம் திகதி நானே கோல் எடுத்துப் பார்ப்பேன். லாச்சிக்குள் அடிக்கும். அவர் வைத்த பாட்டுத்தான், மாற்றவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் எடுக்கமாட்டார், ஐந்து தரம் அடித்தால்தான் ஒரு தரம் எடுப்பார், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நவம்பர் 2ஆம் திகதி மாதம்பிட்டிக்குப் போய்க் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கிறோம். அங்கே அவர் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. லாச்சியில்தான் இருக்கிறார்.

மாளிகாவத்தை மகள்:

இது என்னுடையது இல்லை, உம்மாவுடையது. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் 41 வருடமாகச் சண்டை ஒன்றே ஒன்று: ஃபேன். வாப்பாவுக்கு ஐந்தில் ஓட வேண்டும், உம்மாவுக்கு இரண்டுக்கு மேல் போனால் தலைக்குத்து. ராத்திரி வாப்பா தூங்கியதும் உம்மா எழும்பிக் குறைப்பா, தஹஜ்ஜுத் என்கிற பின்னிரவுத் தொழுகைக்கு எழும்பும் வாப்பா திரும்பக் கூட்டிவிடுவார்.

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில், அதாவது கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் காலத்தில், இருந்த நாலு மாதம் பத்து நாளும் நான்தான் கூடப் படுத்தேன். முதல் ராத்திரியே ஃபேனை ஐந்தில் போட்டா. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு படுத்தா. "உம்மா, குறைக்கவா?" என்று கேட்டதற்கு, "விடு, அவர் ஏசுவார்" என்றா. இத்தா முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் ஐந்துதான்.

பெயர் வேண்டாம்:

எனக்கு ஒன்றும் வரவில்லை. கனவில்லை, சத்தமில்லை, சந்தையுமில்லை. 33 வருடம். கோயிலுக்குப் போய் இருந்தேன், மயூரபதி அம்மன் சந்நிதியில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன், ஒன்றுமில்லை. இதையெல்லாம் வாசிக்கும்போது அவருக்கு என்னில் விருப்பமே இருக்கவில்லையோ என்று தோன்றுகிறது. அவ்வளவுதான் எழுத இருந்தது.

ஓய்வுபெற்ற தாதி:

மேலே பெயர் வேண்டாம் என்று எழுதியவருக்கு முதலில். தங்கச்சியோ தம்பியோ தெரியாது. 1971இல் டேவி ரீஸ் என்ற டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு எழுதினார். வேல்ஸில் துணையை இழந்த 293 பேரை விசாரித்துப் பார்த்திருக்கிறார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாக, சிலர் குரல் கேட்டதாக, சிலர் கண்டதாகச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன்பு யாரிடமும் சொல்லவில்லை, கேலி செய்வார்கள் என்ற பயமும் ஒரு காரணம். பாதிப் பேருக்கு வந்தது என்றால் மற்றப் பாதிப் பேருக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம். அவர்களுக்கெல்லாம் அன்பு குறைவா? இல்லைத்தானே.

நான் முப்பது வருடம் வார்டில் வேலை செய்தவள். "அவர் ராத்திரி வந்து கட்டிலில் இருந்தார்" என்று கிழவிகள் சொல்லும்போது காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் என் வீட்டுக்காரர் போய் மூன்றாம் வாரம், விடிய நாலரைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு ஒரு கால் கொஞ்சம் இழுபடும். ஹட்டனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் விழுந்த கால். ஒரு செருப்பு தட்டும், ஒரு செருப்பு உரசும். எழும்பி லைட்டைப் போட்டேன். ஒன்றுமில்லை. பயமாகவே இருக்கவில்லை, அதுதான் அதிசயம். திரும்பப் படுத்து நல்லாத் தூங்கினேன்.

ஆனால் ஒன்று. மாதக்கணக்கில் சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை, தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு போன் எடுத்தால் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் இருந்து கதைப்பார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெள்ளவத்தை ஓய்வூதியர்:

தாதி அம்மா எழுதியதற்கு மேல் எனக்கு அறிவு இல்லை. பெயர் வேண்டாம் என்றவரிடம் ஒன்று மட்டும்: நானும் இரண்டு மாதம் வெறுமையாகத்தான் இருந்தேன். கோயிலில் எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கொப்பிகளைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கல்யாணம் செய்த முதல் மாதத்தில் இருந்து அவள் சீ.ஆர். கொப்பியில் வீட்டுக் கணக்கு எழுதினாள். எல்லாம் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருந்தன. இப்போது ராத்திரியில் அதுதான் வாசிப்பு. சமையல் காஸ் ஒரு இடத்தில் 1,493 என்று இருக்கிறது. நெருக்கடி வந்த 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 என்று எழுதி, பக்கத்தில் "முருகா" என்று ஒரு சொல். வேறு எங்கும் அவள் கருத்து எழுதியதில்லை.

1983 கொப்பியும் இருக்கிறது. யூலை 24 ஞாயிறு: மீன், தேசிக்காய், பாண். 25இல் இருந்து வெறும் பக்கங்கள். அப்போது இதே வெள்ளவத்தையில் வேறு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம், தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாக இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். ஓடும்போது அவள் தூக்கிய பையில் மகனின் உடுப்பும் இந்தக் கொப்பியும்தான் இருந்தன. கப்பலில் வைத்துக் கோபத்தில் கேட்டேன், நகையை விட்டுவிட்டு இதை ஏன் தூக்கினாய் என்று. "கடை முதலாளிக்கு நாற்பத்தேழு ரூபா குடுக்கக் கிடக்கு. கொப்பி இல்லாட்டி மறந்துபோவம்" என்றாள்.

1985இல் திரும்பி வந்தபோது அந்தக் கடை இல்லை. முதலாளி இந்தியாவுக்குப் போனார் என்றார்கள், இல்லை என்றார்கள், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்றேன். "பிள்ளையாரிட்டையா கடன் வாங்கினனாங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுக் கொப்பியிலும் முதல் பக்கம், முதல் வரி, அந்த நாற்பத்தேழு ரூபாய். கடைசிக் கொப்பி வரைக்கும் அப்படியே வந்திருக்கிறது.

அந்தக் கடைசிக் கொப்பியில் பதினோரு பக்கம் மிச்சம் இருந்தது. அதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சந்தைக்குப் போன அன்று பின்னேரம் ஒழுங்கை முனைக் கடையில் புதிது ஒன்று வாங்கி வந்தேன். கடை முதலாளி, 47 என்று முதலில் எழுதினேன். கீழே, பூசணி, கால் கிலோ.