லெ ழாந்தி கண்காட்சித் தட்டி: மனைவி கதை நிஜமா? பொட்டு எவ்வளவு பெரிசு?

உப்பளம்12:
வணக்கம். வெள்ளி இடைநகர்வை (வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போவதை) பார்க்கப் பாண்டிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ழாந்தி பற்றிப் பள்ளிக் கண்காட்சிக்கு மூன்று தட்டி தயாராகிறது. “ஊர் திரும்பினால் மனைவி வேறு கல்யாணம் செய்திருந்தாள்” என்று இணையம் முழுக்க இருக்கிறதே, அது உண்மைதானா? பிள்ளைகள் கையால் செய்துபார்க்கவும் ஏதாவது வேண்டும். 1 மீட்டர் மஞ்சள் வட்டத்தில் கருப்புப் பொட்டு ஒட்டினால் போதுமா? என்ன அளவில்?

தேவனாம்பட்டினம்_அலை:
மனைவி கதையைத் தட்டியில் ஏற்றாதீர்கள். 1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பறிபோனது சொத்து. செத்துவிட்டார் என்று நினைத்து வாரிசுகள் பங்கு போடத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் கைவிட்டுப் போயிருந்தது, பிறகுதான் திரும்பக் கிடைத்தது. 1771 அக்டோபரில் பிரான்சுக்குள் கால் வைத்தார். பதினோரு வருஷத்துக்கு மேல். அதற்குப் பிறகுதான் கல்யாணம், ஒரு மகள், பாரிஸ் வானாய்வகத்திலேயே குடியிருப்பு. 1792-இல் இறக்கும்வரை அவர் இன்னொரு நெடும் பயணம் போகவில்லை. மூன்றாவது தட்டியை அந்த வீட்டு வாழ்க்கைக்கே கொடுக்கலாம். யாரும் அதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. “இரண்டு தடவை தவறவிட்டார்” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், இரண்டும் ஒரே மாதிரி நஷ்டமில்லை. 1761 ஜூன் 6 இடைநகர்வு பாண்டியில் காலை ஏழே காலுக்குமேல் தொடங்கிப் பகல் இரண்டுக்குச் சற்று முன்வரை, முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஜனவரியிலேயே ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பிவிட்டது. நடுக்கடலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார், ஆனால் அந்தக் கணக்கு உதவாது. ஆடுகிற தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது, நிற்கிற இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. 1769 ஜூன் 4-இல் பாண்டிக்குக் கிடைக்கவிருந்தது கடைசிக் கட்டம் மட்டும்தான், உள்ளூர் நேரப்படி காலை 6.35 முதல் 6.54 வரை. மே மாதம் முழுக்க விடியல் தெளிவாக இருந்தது, அன்றைக்குப் பார்த்து மேகம். வெள்ளி கடந்து முடிந்தபின் வெயில் அடித்தது!

ஊசல்குண்டு:
பொட்டு 3 செ.மீ. விட்டம். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். வெள்ளியின் விட்டம் 12,104 கி.மீ., சூரியனுடையது சுமார் 13.9 லட்சம் கி.மீ. அதை அப்படியே வகுத்து 9 மி.மீ. பொட்டு ஒட்டிவிடுவார்கள். இடைநகர்வின்போது வெள்ளி நமக்கு 4.3 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும், சூரியன் 15.2 கோடி. அதனால் மூன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும்.

பொட்டை நகர்த்துகிற மாதிரி நூலில் கோத்துவிடுங்கள். விளிம்பைத் தொடும் நொடியைப் பிடிப்பது ஏன் கஷ்டம் என்று காட்ட, வெளிச்சமான சுவருக்கு எதிரே (சூரியனுக்கு எதிரே வேண்டவே வேண்டாம்) கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கண்ணருகே பிடித்து மெல்ல நெருக்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன்பே நடுவில் கருப்பாக ஒரு பாலம் தெரியும். வெள்ளியிலும் அதே மாதிரி ஒரு துளி தெரிந்ததால்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களே வேறுவேறு நொடியைக் குறித்தார்கள்.

உப்பளம்12:
நன்றி. பாண்டியில் இருந்த காலத்தில் வேறு என்ன செய்தார்? வெறும் காத்திருப்பு மட்டும்தானா?

வாக்கியம்248:
இல்லவே இல்லை. இங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தில் நம் கணக்கு 41 நொடி குறைத்துக் காட்டியது, ஐரோப்பாவில் பேர்பெற்ற மாயரின் சந்திர அட்டவணை 68 நொடி கூட்டிக் காட்டியது. அதை அவரே எழுதிவைத்தார்.

பிள்ளைகளுக்கு வாக்கியக் கணக்கில் (எண்களைச் சொற்றொடராக்கி மனப்பாடம் செய்யும் பஞ்சாங்க முறை) ஒன்றைக் காட்டுங்கள். சந்திரன் எங்கே என்று சொல்ல 248 நாளுக்கு 248 வாக்கியம். முதல் வாக்கியம் “கீர்ந: ச்ரேய:”. கடபயாதிப்படி (எழுத்துக்கு ஓர் எண் என்ற முறை) கீ 3, ந 0, ச்ரே-யில் கடைசி மெய்யான ர 2, ய 1. தலைகீழாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). தமிழ் எழுத்தில் பார்த்து க-வை 1 என்று எடுத்தால் 12 பாகை 1 கலை வந்து இடிக்கும். இது வடமொழி வரிசையின் மூன்றாவது க (ga), அதனால் 3.

ஊசல்குண்டு:
கூடவே பாண்டியின் தீர்க்கரேகையையும் கணித்தார். வியாழனின் துணைக்கோள் மறையும் நேரத்தை இங்கும் பாரிஸிலும் ஒப்பிட்டால் வித்தியாசம் 5 மணி 10 நிமிடம். 4 நிமிடத்துக்கு ஒரு பாகை என்றால் பாரிஸிலிருந்து கிழக்கே 77½ பாகை.

பள்ளி முற்றத்தில் அதையே குச்சி நிழலால் செய்யலாம். 1 மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நட்டு, அடியை மையமாக வைத்து வட்டம் போடுங்கள். நிழல் நுனி காலையில் வட்டத்தைத் தொடும் நேரத்தையும் பிற்பகலில் தொடும் நேரத்தையும் குறித்து நடுநேரம் எடுங்கள். மிகக் குட்டையான நிழலைத் தேடாதீர்கள், உச்சிவேளையில் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஒட்டி நிழலே இருக்காது. கிரீன்விச்சிலிருந்து எண்ணினால் இந்திய நேரம் 82½ பாகைக்கு, பாண்டி 79 பாகை 50 கலை. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும் சராசரி நேரம் 12 மணி 10 நிமிடம் 40 நொடி. நவம்பர் தொடக்கத்தில் அது 11.54-க்கே வரும், பிப்ரவரி நடுவில் 12.25 ஆகும். நாளுக்கு நாள் மாறும் அந்த வித்தியாசத்தைத் திருத்தாமல் விட்டால் விடை 4 பாகைவரை பிசகும். ஒரு நிமிடப் பிழை இங்கே 27 கி.மீ.

தேவனாம்பட்டினம்_அலை:
அந்த முற்றம் பாரதி பூங்கா பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. இடிந்த கோட்டைமேல்தான் அவர் வானாய்வுக்கூடம் இருந்தது, கோட்டை நின்றது அந்த வட்டாரம். தட்டியில் அவர் பெயரை ஆங்கிலவழியில் ‘ஜென்டில்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பாண்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.