யோசிச்சு யோசிச்சே சீனி வருத்தம் வருமோ?

இரணைமடு:
கிளிநொச்சிப் பக்கம் கனபேர் "சண்டை முடிஞ்ச 2009க்குப் பிறகு யோசிச்சு யோசிச்சே சீனி வந்தது" எண்டு சொல்லுகினம். அப்படி ஒரு அம்மா, வயது 46. பரம்பரையில ஆருக்கும் இல்லை, ஆளும் மெலிவு. வெறுவயித்தில இரத்தச் சீனி 118 (mg/dL). யோசனை இதைச் செய்யுமோ? இனி என்ன பார்க்கவேணும்?

நெடுங்கேணி:
செய்யும், ஆனா தனிய நிண்டு செய்யிறது குறைவு. மனம் பதைக்கேக்க அட்ரினலின், கோர்டிசோல் எண்ட ஹோர்மோன்கள் கூடும். ஈரல் குளுக்கோசை இரத்தத்துக்குள்ள விடும், தசை இன்சுலினுக்குச் சரியா மசியாது. ஓடித் தப்புற நேரத்துக்கு அது தேவை. வருசக்கணக்கா நீண்டால் கணையம் கூடக்கூடச் சுரந்து ஒரு கட்டத்தில ஏலாமல் போகும். வயித்துக்குள்ள கொழுப்பும் சேரும். கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் வைச்ச ஆக்கள் எங்களுக்குள்ள நிறைய. அதால அந்த அம்மான்ர இடுப்பை அளவுங்கோ: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்சை விட்ட பிறகு. பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனம்.

நித்திரை குறைஞ்சாலும் இன்சுலின்ர வேலை குறையும். நித்திரை வராத ஆக்கள் தேத்தண்ணியும் கூடக் குடிப்பினம். கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டிப்படி ஆறு கோப்பை எண்டால் ஏறத்தாழ 50 கிராம் சீனி.

ஆய்வுகூடம்:
118 இடைநிலை, வருத்தம் எண்டு எழுத ஏலாது. அதுக்கு 126 அல்லது கூட, வேற ஒரு நாளிலயும் வரவேணும். 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணித்தியாலத்தால பார்க்கச் சொல்லுங்கோ: 140க்குக் கீழ நல்லது, 200 அல்லது கூட எண்டால் வருத்தம். முதல் எட்டு மணித்தியாலம் தண்ணி மட்டும். விடிய பிளேன்டீ குடிச்சிட்டு "ஒண்டும் சாப்பிடேல்லை" எண்டு வருவினம், அந்தக் கணக்குப் பிழை. காய்ச்சலோட வரவேண்டாம். முட்டுக்கு பிரட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை போட்டால் கட்டாயம் சொல்லவேணும், அது சீனியை ஏத்தும். இரும்புச்சத்துக் குறைவான பெண்களுக்கு மூண்டு மாதச் சீனிச் சராசரிப் பரிசோதனை (HbA1c) கூட்டிக் காட்டலாம்.

இரணைமடு:
அப்ப மனம் ஆறினால் இறங்குமோ?

நெடுங்கேணி:
கொஞ்சம் இறங்கலாம். அதை நம்பி கிளினிக்கை விடக்கூடாது. சாப்பிட்ட பிறகு 15 நிமிசம் நடந்தால் தசை இன்சுலினைப் பார்த்துக்கொண்டிராமல் குளுக்கோசை இழுக்கும்; கிழமைக்கு 150 நிமிசம் சேரவேணும். ஒண்டு சொல்லவேணும்: காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாய்க்கு "யோசிக்காதேங்கோ அம்மா" எண்டு சொல்லுறது வைத்தியமில்லை. நித்திரை எப்படியெண்டு கேளுங்கோ. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரையில்லை, ஒண்டிலயும் மனம் பிடிக்கேல்லை எண்டால் மனநலக் கிளினிக்குக்கும் துண்டு எழுதுவியுங்கோ. சீனி நல்லா இருந்தாலும் வருசத்துக்கு ஒருக்கா திருப்பிப் பார்க்கவேணும்.