புதுப்பிப்பு: சிக்னலில் நின்றால் குளிராத கார் ஏசி, சரியாகிவிட்டது

ஓடும்போது சில்லென்று இருக்கும் ஏசி, மதுரை வெயிலில் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றாக வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலர் ஏசி கேஸ் (குளிரூட்டும் வாயு) நிரப்பச் சொன்னீர்கள். "முதலில் கண்டென்ஸர் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. கண்டென்ஸர் என்பது முன் கிரில்லுக்குப் பின்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம். வண்டியை ஐடிலில் (நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும்படி) விட்டு, ஏசியைப் போட்டு, முன் கிரில் வழியாக ஒரு குடம் ஊற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் குளிர் வந்துவிட்டது. கேஸ் குறையவில்லை, சூடுதான் வெளியேறவில்லை என்று அப்போதே புரிந்தது.

பானட்டைத் திறந்தால் கண்டென்ஸர் ஃபேன் சுற்றவே இல்லை. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்ஸரைக் குளிர்வித்துவிடும், நின்றால் இந்த ஃபேன்தான் வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் தனியாக ஓடியதால் இன்ஜின் சூடேறவில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போயிருக்கிறது. ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இரண்டும் சரி. ஃபேன் கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

எதிர்பாராதது இதுதான்: கனெக்டரை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் கருகியிருக்கும். மோட்டார் பேரிங் இறுகி, அதிகக் கரண்ட் இழுத்திருக்கிறது. கையால் சுற்றினால் கரகரவென்று நின்றது. மோட்டாரையும் சேர்த்தே மாற்றினோம்.

ஏர் வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர், ஐடிலில் முன்பு 19 டிகிரி, இப்போது 9. கேஸைத் தொடவே இல்லை.