தஞ்சை நாயக்கர் அவை நாவல்: நாயகி நள்ளிரவில் ஓலை எழுதும் காட்சி சரியா?

கேள்வி:
1620களில் ரகுநாத நாயக்கர் அவையில் நடக்கும் நாவல். நாயகிக்கு 19 வயது, அவையில் கவி பாடுபவள். இரவில் அகல் வெளிச்சத்தில், மை தொட்டு அவசரமாக ஒரு ரகசிய ஓலை எழுதி அனுப்புகிறாள். தமிழில் எழுதுவாளா? நடன அரங்கேற்றக் காட்சிக்குப் பரதநாட்டிய உருப்படிகளான அலாரிப்பு, வர்ணம் வைக்கலாமா?

பதில் 1:
மையை எடுத்துடுங்க. ஓலையில் எழுத்தாணியால் கீறுவதுதான் எழுத்து. இடது கட்டைவிரல் நகத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், ஆணியின் கூர் அதில் தாங்கி நிற்கும். எழுதும் கை அதிகம் நகராது, ஓலையைத்தான் நகர்த்துவார்கள். கீறியதும் எழுத்து தெளிவாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால்தான் கீறலில் கரி தங்கி எழுத்து எழும்பும். இரவுக் காட்சி வேண்டுமென்றால் அகலைப் பக்கவாட்டில் வையுங்க, கீறலின் நிழல் விழும். கீறியதை அழிக்க முடியாது. அதனால் அவள் வாசகத்தை மனசில் முழுசாக முடித்துக்கொண்டுதான் ஆணியைத் தொடணும். கவி பாடுகிறவளுக்கு அது பொருத்தமும்கூட.

பதில் 2:
அவையில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான். மதுரவாணி, ராமபத்ராம்பா என்று அங்கே நிஜமாகவே பெண் கவிகள் இருந்தார்கள், இருவரும் சமஸ்கிருதத்தில் காவியம் செய்தவர்கள். அவள் கவிதை தெலுங்கில் இருக்கட்டும். கடிதம் மட்டும் தமிழில் போகலாம்: 1620இல் ரகுநாதர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அனுப்பிய பொன்னோலை தமிழில்தான் இருக்கு, கையெழுத்து தெலுங்கில்.

தமிழ் ஓலையில் உங்க கதைக்கு ஒரு கருவியும் கிடைக்கும். ஓலை கிழியும் என்பதால் பொதுவாக எழுத்தின் மேல் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் காட்ட மாட்டார்கள், அதைப் பிரித்துக் காட்டும் வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தம் 18ஆம் நூற்றாண்டில்தான். ஆக, ‘பேசியது கேட்டது’, ‘பேசியது கெட்டது’ இரண்டும் ஓலையில் ஒன்றேதான். யாரோ ஒட்டுக்கேட்டார்களா, உடன்பாடு முறிந்ததா? வாங்கிப் படிப்பவன் தவறாக எடுத்துக்கொண்டால் அடுத்த அத்தியாயமே அதில் தொடங்கலாம்.

பதில் 3:
அலாரிப்பு, வர்ணம் என்ற வரிசை தஞ்சை நால்வர் என்ற நட்டுவ சகோதரர்கள் வகுத்தது, 19ஆம் நூற்றாண்டு. இந்த அவையில் யட்சகானம் என்ற இசை நாட்டிய நாடகம் வையுங்க. பக்கத்தில் வயலின் வேண்டாம், வீணை போதும். தந்திக்கு அடியில் 24 மெட்டுகளை நிலையாகப் பொருத்திய வீணை ரகுநாதர் பெயரோடுதான் வழங்குது. ராகங்களைப் பிரிக்கும் 72 மேளகர்த்தா முறையையும் யாரும் பேசக்கூடாது. இசை அறிஞர் வேங்கடமகி அதை வகுத்தது ரகுநாதரின் மகன் விஜயராகவர் காலத்தில், 1634க்குப் பிறகு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஓலையை இடுப்பில் ஒளிக்க மடித்தால் உடையாதா?

பதில் 1:
மடித்தால் உடையும். துளையிட்டு நூல் கோத்த தட்டையான ஏடு புத்தகங்களுக்கு. கடிதத்துக்குப் பதமான ஓலையைச் சுருட்டி நூலால் கட்டுவார்கள், ஓலைச்சுருள் என்பது அதுதான். விரல் தடிமனில் இடுப்பு மடிப்புக்குள் அடங்கிடும். கரி தடவிய கையோடு தொட்டால் சேலையில் கறை பிடிக்கும், காவலாளி அதைக் கவனிக்கலாம்.